இரண்டாம் வாளி

பதினொரு வருடத்தில் முதல் தடவையாக
நஸ்லியா கேட்டாள்:
"இந்த முறை கலர நீங்க சொல்லுங்களேன்."

வீடு அவள் பேரில்.
நிந்தவூரில் மாப்பிள்ளை என்றால்
ஒரு சூட்கேஸ், ஒரு சேவ் செட்.
மற்றதெல்லாம் ஏற்கனவே பூசி முடிந்திருக்கும்.
மாமா பூசியது பச்சை.
அது வெளிற, அதன் மேல் பச்சை.
மூத்தவன் பிறந்த வருடம்
இன்னும் கொஞ்சம் பச்சை.

கல்முனையில் கடைப் பொடியன்
அட்டைகளை விசிறி மாதிரி விரித்தான்.
நான் தொட்டதற்கு இங்கிலீசில்
நாலு சொல் நீளத்துக்கு ஒரு பேர்.
இலக்கத்தை மட்டும் துண்டில் எழுதிக்கொண்டேன்.

வீட்டில் ஆளுக்கொரு பேர் வைத்தார்கள்.
"பால் கொறஞ்ச தேத்தண்ணி" என்றார் மாமி.
மச்சினி சிபானாவுக்கு அது தோய்ச்ச பிஸ்கட்.
மாமா கதிரையைச் சுவருக்கு எதிரே இழுத்துப் போட்டு
மாதிரிக்குப் பூசிய சாண் அகலத்தை
நெடுநேரம் பார்த்தார்.
"டிப்போவ வீட்டுக்குக் கொண்டு வந்திட்டீங்க, மருமகன்."
அவர் கண்ணுக்குக் காக்கி.
நான் டிப்போவில் நேரக் காப்பாளன்,
மறுத்துப் பேசவில்லை.

எனக்கு அது என்னவென்று ஒருவருக்கும் சொல்லவில்லை.
பகல் ரெண்டு மணி பஸ் வெளிக்கிட்ட பிறகு
கேற்றடியில் எழும்பி, அவசரமில்லாமல்
திரும்ப இறங்குமே ஒரு தூசி.
போகிறவர்கள் எல்லாம் போய்
யாருக்கும் பிந்தாத
ஒரு நிமிடத்தின் நிறம்.

பெயின்டர் கலந்தர் முதல் நாள் பச்சையைச் சுரண்டினார்.
தரையெல்லாம் செதில், பெரிய மீன் அறுத்த இடம் போல.
மறுநாள் பூசினார்.
ஈரத்தில் அது வேறு ஆள்,
முகம் கொடுக்காத சாம்பல்.
நஸ்லியா ஒன்றும் சொல்லாமல் சோறு போட்டாள்.
அது எனக்குக் கேட்டது.

காய்ந்தது.
அஸர் வெயில் ஜன்னலால் வந்து
பழகிய ஆள் போலச் சுவரில் சாய்ந்தது.
பிளேன்டீயோடு அந்தப் பக்கம் வந்த மாமி
அங்கேயே இருந்து குடித்தார்.

மூன்றாம் நாள் வாளி முடிந்தது.
மேற்குச் சுவர் பாதியில் நிற்க
கல்முனைக்கு ஓடினேன்.
அதே துண்டு, அதே இலக்கம், அதே பொடியன்.
மெஷின் துளி துளியாய் விட்டுக்கொண்டிருக்கையில்
கரண்ட் போனது.
வந்தபோது
விழுந்தது எத்தனை துளி என்று
மெஷினுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.
"ஒரே கலர்தான் நானா, கண்டுபிடிக்க ஏலா."

ஏலும்.
அலுமாரிக்குப் பக்கத்தில் நிமிர்ந்த ஒரு கோடு.
இந்தப் பக்கம் தூசி.
அந்தப் பக்கம்
மழை ஒருதரம் தொட்டுவிட்ட தூசி.
கலந்தர் கூலிக் காசை எண்ணுகையில் கண்டார்,
எண்ணிக்கொண்டே இருந்தார்.
மாமா காணவில்லை,
அல்லது கதிரையை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இரவு லைட்டை அணைக்கப் போன நஸ்லியா
சுவிட்சில் கை வைத்தபடி நின்றாள்.
"இதில ரெண்டு கலர் இரிக்கி."
"ம்."
"அலுமாரிய ஒரு முழம் தள்ளினா மறையும்."
"தள்ளவா?"

கோட்டை அவள் விரலால்
எட்டின உயரத்திலிருந்து கீழே இழுத்து வந்தாள்.
பெயின்ட் இன்னும் மணத்தது.
நடு அறையில் சின்னவன் நித்திரையில் ஏதோ கதைத்தான்.
"காலையில பாப்பம்" என்றாள்.

ரெண்டு நோன்பு போய்விட்டது.
அலுமாரி
இருந்த இடத்திலேதான்.