எடைச்சீட்டு

கம்பெனிக்கு மூன்று விமானங்கள்.
ஒன்று எப்போதும் ரிப்பேர்.
மற்ற இரண்டும் சித்ராவில் கிளம்பி
பாலக்காட்டுக் கணவாய் வழியாக
மேப்பில் அரிசி சிந்தியதுபோல் கிடக்கும் தீவுகளுக்குப் போகும்,
செவ்வாய், வியாழன், சனி.

நான் எடை போடுகிறவன்.
பெட்டியை மட்டுமில்லை, ஆளையும்.
ஈரோட்டு மஞ்சள் மண்டியில்
பதினோரு வருஷம் தராசு பார்த்தவன்.
அங்கே சாக்குக்கு ஒரு கிலோ கழிப்போம்.
இங்கே கழிக்க ஒன்றுமில்லை.
செருப்பு, செல்போன், சட்டைப்பையில் மறந்த சில்லறை
எல்லாம் சேர்த்துத்தான் மனுசன்.

"அறுவத்திரண்டு இருப்பனுங்" என்று
வாயால் சொல்லிவிட்டு ஏறுகிறவர்கள்
தட்டில் எழுபதைத் தொடுவார்கள்.
நான் ஒன்றும் சொல்வதில்லை.
கையால் மறைத்து
எழுபது என்று எழுதுவேன்.

கண் ஆஸ்பத்திரிக்கு வந்த முத்துக்கோயா
இறங்கும்போது ஐம்பத்தெட்டு.
திரையை எடுத்துவிட்டார்கள்.
திரும்பும்போதும் ஐம்பத்தெட்டு.
இந்தமுறை எண்ணை அவரே படித்தார்,
சத்தமாக,
வரிசை முழுக்கக் கேட்கும்படி.

ஆடி வந்தால்தான் வம்பு.
கணவாயில் காற்று குறுக்கே வந்து நிற்கும்.
எதிர்க்காற்றுக்கு எண்ணெய் கூட வேண்டும்.
தீவில் எண்ணெய் கிடையாது,
திரும்பி வருவதற்கும் இங்கிருந்தே சுமக்க வேண்டும்.
காற்று ஏறினால் ஆள் இறங்கணும்.
என் உத்தியோகத்தில் படிக்க வேண்டியது
இந்த ஒரு வரிதான்.

யாரை இறக்குவது?
ஆஸ்பத்திரிக்காரர்களைத் தொடக்கூடாது.
பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளையும்.
கோபியிலிருந்து வந்த புதுமாப்பிள்ளையைக் கேட்டேன்.
"எறங்குனா ரெண்டு பேருமே எறங்கறமுங்" என்றான் வீம்பாக.
பெண் வாய் திறக்கவில்லை.
பெட்டியைத்தான் திறந்தாள்.
மூன்று ஜோடி ஹீல்ஸ்,
மாமியார் வீட்டு முறுக்கு டின்,
ஒரு இஸ்திரிப்பெட்டி,
வரிசையாக என் மேசைமேல் வைத்துவிட்டு
"இப்பப் பாருங்" என்றாள்.
ஆறே கால் குறைந்திருந்தது.
போதும்.

அதே வாரம் சாஜிதா
கணபதியில் வாங்கிய கிரைண்டரோடு வந்தாள்.
தீவில் படகுத்துறைக்கு எதிரே அவளுக்கு இட்லிக்கடை.
முப்பத்தொரு கிலோ.
ஆடிக் காற்றில் அம்மியும் பறக்குமாம்.
பறக்கட்டும்.
அம்மிக்கு எடைச்சீட்டு எழுதியவன் எவனுமில்லை.
சொன்னேன்.
சிரித்தாள். "ஸ்பானர் உண்டோ?" என்றாள்.

தரையில் உட்கார்ந்து கழற்றினாள்.
மோட்டார் அவளோடு போயிற்று.
அடுத்த சனி டிரம்.
அதற்கடுத்த வியாழன் ஸ்டாண்டு.
கல் மட்டும் என் மேசைக்கடியில் தங்கிவிட்டது,
எட்டரை கிலோ,
ஐந்து வாரம்.
ஒவ்வொரு நாளும் கூட்டிப் பார்ப்பேன்.
எட்டுக்கு இடமிருக்கும், அரைக்கு இருக்காது.
மத்தியானம் ஷூவைக் கழற்றிவிட்டு
கல்மேல் கால் வைத்துக்கொள்வேன்.
பங்குனி வெயிலிலும் அது ஜில்லென்றுதான் இருந்திருக்கும்.

ஆவணி முதல் வியாழன்
காற்று ஒருவழியாகத் தணிந்தது.
கேப்டன் மெர்லின் படியில் நின்று கேட்டார்:
"ஒரு சீட் காலி. சென்னியப்பன், வரீங்களா?
சாயங்காலம் திரும்பிடலாம்."
ஆறு வருஷமாக அனுப்புகிறேன்,
ஒரு தீவும் பார்த்ததில்லை.
மதில் தாண்டிய அரச மரம் வரைக்கும்தான்
விமானம் எனக்குத் தெரியும்.

நான் எண்பத்து மூன்று. யாரும் கேட்காமலே தெரியும்.
சீட்டை எடுத்தேன்.
கல் எட்டரை.
தேங்கிக் கிடந்த மருந்துப் பெட்டிகள் நாற்பது.
யாரோ ஒரு பிள்ளையின் சைக்கிள் பதினான்கு.
பள்ளிக்கூடத்து நோட்டுக்கட்டு இருபது.
கூட்டினால் எண்பத்திரண்டரை.
அரை கிலோ மிச்சம்.
அதற்கு என்ன அனுப்புவது என்று
கொஞ்ச நேரம் யோசித்தேன்.

கிளம்பிற்று.
அரச மரத்தைத் தாண்டிற்று.
வந்து உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன்.
கால் தானாகக் கல்லைத் தேடிப் போய்
எதிலோ இடறியது.
குனிந்து பார்த்தேன்.
கோபிப் பெண்ணின் ஹீல்ஸ்.
முறுக்கை நாங்கள் ஆடியிலேயே தின்றுவிட்டோம்.