நூற்றைந்து

எல் ஆல்டோ. காலை ஏழு மணி,
ஆலங்கட்டி இன்னும் கரையாத தெரு.
பேனிச் சமவெளிக்காரன் ரோமுலோ
வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.
யாருக்கு அதிகம் மூச்சு வாங்கியது, சொல்லத் தெரியவில்லை.

"பெட்ரோலில் கலப்படம், நில்டா."
பிளக்கைக் கழற்றிக் காட்டினேன்: அடுப்புக்கரி.
பெட்ரோல் அதேதான்,
காற்றில்தான் ஐந்துக்கு இரண்டு பங்கு இல்லை.
எரிக்க முடியாததை உன் வண்டி
கறுப்பாய்க் கக்குகிறது.

கார்புரேட்டரைத் திறந்து
நூற்றைந்து ஜெட்டை எடுத்துவிட்டுத்
தொண்ணூற்றைந்து போட்டேன்.
சோளமணி அளவுகூட இல்லாத பித்தளை,
வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும் அதன் துளை.

புகை நின்றது.
"பழைய இழுவை?" என்றான்.
அது வராது. இங்கே எந்த வண்டிக்கும் வராது.
உன் ஊருக்கு நானும் ஒருமுறை வந்தேன்;
மூன்று நாள் காற்றைக் கஞ்சிபோலக் குடித்தேன்,
நாலாம் நாள் முழுக்கத் தூங்கினேன்.
இறங்கும்போது பழைய ஜெட்டை மாட்டிக்கொள்.

சரி, சரி என்று காசை எண்ணிவைத்தான்.

மத்தியானம் கந்தலை உதறினேன்.
டிங்கென்று விழுந்தது
நூற்றைந்து.

இந்நேரம் லா கும்ப்ரே கணவாயைத் தாண்டியிருப்பான்.
யுங்காஸ் வளைவுகள்.
ஒவ்வொன்றிலும் காற்று தடிக்கும், வண்டி துள்ளும்,
பலம் திரும்பிவிட்டதென்று
ஹெல்மெட்டுக்குள் பாடிக்கொண்டே போவான்.
பிஸ்டன் தலை வெளுப்பது
அந்தப் பாட்டில் கேட்காது.

மூன்றாம் தடவையும் போனை எடுக்கவில்லை.
கையை மூடியே வைத்திருக்கிறேன்.
உள்ளே அது
சூடாகிவிட்டது.