முக்கால் கிலோ

ஞாயிறு காலை, தேக்கா ஈரச்சந்தை.
"தொடைக்கறி, முக்கால் கிலோ" என்கிறார்
வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவர்.
தராசில் எண்கள் துடித்து நிற்கின்றன.
ஏறக்குறைய அதே எடைதான்
என் வலது இடுப்பில்,
வீட்டுக்காரரின் பழைய பாத்திக் சட்டைக்கு அடியில்
வியர்வையில் ஒட்டுவதும் உரிவதுமாக.

யாரும் பார்க்கவில்லை.
பார்க்காமலிருக்கத்தான் இந்தச் சட்டை,
இந்தப் பிளாஸ்டிக் கூடை,
கூடையில் நீட்டிக்கொண்டிருக்கும் முருங்கைக்காய்.
மூன்று வெள்ளி. ரசீது கிடையாது,
என் கைக்காசுதான்.

நான் குனிந்து எதையும் எடுப்பதில்லை.
தக்காளி உருண்டோடினாலும்
முதுகை நிமிர்த்தி, முழங்காலை மடக்கி
அரங்கேற்றம் போல இறங்குவேன்.
"இடுப்பு வலியா?" என்றார் காய்கறிக்கடை அக்கா.
ஆமாம் என்றேன்.
அது பொய்யுமில்லை.

முகங்களைப் பார்ப்பதை விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது.
கைகளைப் பார்க்கிறேன்.
கறிவேப்பிலை உருவும் கை.
மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கும் கை.
பாக்கெட்டுக்குள் போய்
வெளியே வராத ஒரு கை:
அங்கேயே நிற்கும் என் கண்,
சில்லறை வரும்வரை.

நாங்கள் காத்திருந்தது வேறொருவனுக்காக.
வட்டிக்காரனின் ஆள். சிவப்புத் தொப்பி. பத்தரை மணி.
"டில்லி, இன்னும் காணோம்" என்றான்
காதுக்குள்ளிருந்து ஹஃபீஸ்.
என் பெயர் தில்லைநாயகி.
ஆறு வருஷமாக அவனுக்கு நான் ஒரு தலைநகரம்.

முதலில் ஒரு சத்தம் நின்றது.
விடியலிலிருந்து விடாமல் கேட்ட
எலும்பு வெட்டும் சத்தம்.
பிறகு செருப்புகள்,
ஈரத்தரையில் எல்லாம் ஒரே திசையில்.
நீலச்சட்டைக்காரன், கையில் கறிக்கத்தி.
அவனுக்கு முன்னால் ஓடுகிறவன் முதுகில்
ஏற்கெனவே ஒரு கோடு.

யோசித்துச் செயல்பட்டேன் என்று
அறிக்கையில் எழுதியிருக்கிறேன்.
கை யோசிக்கவில்லை.
இடக்கை சட்டையை விலாவரை வழித்தது,
வலக்கை பிடியைக் கண்டுபிடித்தது,
வாய் "போலீஸ்!" என்றது.
நல்லவேளை, இந்த ஊரின் நான்கு மொழியிலும்
அதற்கு ஏறக்குறைய ஒரே சத்தம். ஒன்றைத் தவிர.

அவன் நெஞ்சு தெரிந்தது.
அதற்குப் பின்னால் கீரைக்கட்டுகள்,
தேங்காய்த் துருவல் யந்திரத்தோடு மல்லுக்கட்டும் ஒருவர்,
தள்ளுவண்டியில் விரல் சூப்பும் குழந்தை.
எல்லாம் ஒரே கோட்டில்.
தோட்டாவுக்குப் புறப்படத் தெரியும்,
நிற்கத் தெரியாது.

வலக்கை உறையிலேயே நின்றது.
காலருகே வெங்காய மூட்டைகள் ஏற்றிய டிராலி.
உதைத்தேன்.

தொடையில் இடி வாங்கி அவன் முழங்கை குத்த விழ,
கத்தி சறுக்கிச் சறுக்கி
மீன்கடைச் சாக்கடை ஓரம் போய் ஓய்ந்தது.
ஹஃபீஸ் அவன் முதுகில் முழங்காலை வைத்தபோதுதான்
நான் மூச்சு விட மறந்திருந்தது தெரிந்தது.
நான்கு வினாடி என்றது கேமரா.
சிவப்புத் தொப்பி அன்று வரவேயில்லை.

கோப்பிக்கடையில் தே-சி
பாதிக்கு மேல் தட்டில்தான் கொட்டியது.
நடுவிரல் மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தது.
"எடுக்கவே இல்லையே மேடம், ஏன் நடுங்குது?"
கேட்டவன் யீ ஹாங், வேலைக்கு வந்து மூன்று மாதம்.
சர்க்கரையை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னேன்.

மாலை, ஆயுத அறைச் சன்னல்.
காலையில் எண்ணிக் கொடுத்ததை
எண்ணி வாங்கிக்கொண்டார்கள்.
ஒன்றும் குறையவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

ஈசூன் போகும் ரயிலில்
கதவோரச் சுவரில் வலது இடுப்பை ஒட்டி நின்றேன்.
இறங்கும் அவசரத்தில் ஒரு பையன்
புத்தகப்பையால் அங்கேயே இடித்துவிட்டு
"சாரி ஆன்ட்டி" என்றான்.
என் முழங்கை அதற்குள் இறுக்கி அணைத்திருந்தது
வெறும் சட்டையை.

நான்தான் சாரி சொல்லியிருக்க வேண்டும்.
முருங்கைக்காய் அவன் கண்ணுக்கு
இரண்டே அங்குலத்தில் நீட்டிக்கொண்டிருந்தது.