இதர

மலாவியின் கசுங்குவில் பதினோரு பருவம்
புகையிலைத் தோட்டத்துக்குக் கணக்கு எழுதினேன்.
பேரேட்டில் ஏழு கட்டங்கள்:
குத்தகைக்காரர் பெயர், நிலம், நாற்று,
உரம், சோள மாவு, மண்வெட்டி,
கடைசியில் 'இதர'.

பெயருக்குக் கீழே
மத்தேயோ ஞிரோங்கோ என்று ஒருவரைத்தான் எழுதுவேன்.
வரிசையில் ஐந்து முதுகுகள் குனிந்திருக்கும்.

ஐந்தாவது லுசுங்கு.
வயது ஒன்பது, இல்லையென்றால் பத்து.
பாலம் அடித்துக்கொண்டு போன மழையில் பிறந்தவள் என்பதுதான்
அம்மா எஸ்னாத்துக்குத் தெரிந்த தேதி.

விடியற்பனியில் இலை கிள்ளுவாள்.
ஈர இலையின் விஷம் தோல் வழியே இறங்கும்.
பத்து மணிக்கு வரப்போரம் குமட்டி எடுப்பாள்,
புறங்கையால் துடைத்துக்கொண்டு
மறுபடி வரிசைக்கு.
"பழகிடும்" என்பார் மேற்பார்வையாளர்,
சிகரெட்டைப் பற்றவைத்தபடி.

பிள்ளைகளை ஏன் வேலைக்கு அனுப்புகிறீர்கள் என்று
தலைநகரிலிருந்து வந்த ஜீப் கேட்டது.
மத்தேயோ தொப்பியைக் கழற்றி நின்றார்.
பதில் என் மடியில் இருந்தது.
நான் மூடியே வைத்திருந்தேன்.

நவம்பரில் உரம் கடன்.
ஜனவரியில் மாவு கடன்.
பசி மாதத்தில் மூட்டைக்கு நாங்கள் போட்ட விலை
சந்தை விலையைப்போல் ஒன்றரை மடங்கு.
ஏப்ரலில் ஏலக்களத்தில் ஒருவர்
பொதிக்குள் கைவிட்டு, முகர்ந்து,
நடந்துகொண்டே "இரண்டாம் தரம்" என்பார்.
அவர் அடுத்த பொதிக்குப் போவதற்குள்
இவர்களுக்கு ஒரு வருடம் போய்விடும்.
கூலிக்கு ஆள் வைக்க முடியாதவரிடம்
கூலி கேட்காத ஆள்
வீட்டில்தான் இருக்கிறது.

பள்ளிக்கூடம் எட்டு கிலோமீட்டர்.
ஒரு வாத்தியார், நூற்றிருபது பிள்ளைகள்,
மதியத்துக்கு ஒன்றுமில்லை.
தோட்டத்திலாவது அவித்த சோளம் உண்டு.
அறியாமை, சோம்பல், இவர்கள் வழக்கம்:
ஜீப் எழுதிக்கொண்டு போன மூன்றும்
என் ஏழு கட்டங்களில் எங்கும் இல்லை.

மார்ச்சில் ஒருநாள்
இலை உலர்த்தும் கொட்டகையில் விழுந்துவிட்டாள்.
ஆஸ்பத்திரிக்கு லாரி வாடகை நாற்பதாயிரம் குவாச்சா.
"இதரவில் எழுது" என்றார் முதலாளி.
எழுதினேன்.
பதினோரு பருவத்தில் முதல்முறையாக
அவள் கணக்கில் வந்தாள்,
கடனாக.

அன்று சனிக்கிழமை.
பேரேட்டைப் பெட்டியில் வைக்காமல்
அடிபம்பு அருகே கொண்டுபோய் வாசித்தேன்.
முப்பத்தொரு குடும்பங்கள்.
யாரும் கத்தவில்லை.
எஸ்னாத் மட்டும்,
"உர விலையை இன்னொரு தடவை வாசியுங்க."
வாசித்தேன்.
"இன்னொரு தடவை."

திங்களன்று எனக்கு வேலை இல்லை.
அடுத்த பருவம்
விலையை முன்கூட்டி எழுதித் தராமல்
எவரும் கைநாட்டு வைக்கவில்லை.
மூன்று குடும்பங்களைத் துரத்தினார்கள்.
மற்றவர்கள் சேர்ந்து நகரத்தில் உரம் வாங்கினார்கள்;
லாரி இரண்டுமுறை சேற்றில் புதைந்தது.
பெண்கள் முறைவைத்துப்
பள்ளி மரத்தடியில் கஞ்சி காய்ச்சினார்கள்.
கஞ்சி உள்ள நாளில் வாத்தியார்
வாசல்வரை பிள்ளைகளை உட்காரவைத்தார்.
கஞ்சி இல்லாத நாளில்
அவருக்கும் பசி.

லுசுங்கு வாரத்தில் மூன்று நாள் போகிறாள்.
நாலாவது நாளுக்கு
பொதிக்கு இன்னும் கொஞ்சம் விலை வேண்டும்,
இரண்டாவது வாத்தியார் வேண்டும்,
ஜீப் திரும்பி வந்து
இந்தத் தடவை முதலாளியைக் கேட்க வேண்டும்.

இப்போது குத்தகைக்காரர் சங்கத்துக்கு எழுதுகிறேன்.
சம்பளம் பாதி, அதுவும் சோளமாக.
புதுப் பேரேட்டில் 'இதர' கிடையாது.
நேற்று விடியலில் நடந்தபோது
பக்கத்துத் தோட்டத்தின் பனிக்குள்
சின்ன முதுகுகள் நான்கு.
நின்று,
பெயர் கேட்டு எழுதிக்கொண்டேன்.