ஐம்பது கிலோ பார்

கப்பலின் பெயர் உன் அம்மாவின் வாயில் நுழையாது.
பனிக்கப்பல் என்பாள்
ஏலக்கூடத்தில் விசாரிப்பவர்களிடம்.
நான் அக்கரைப்பேட்டை ஐஸ் கம்பெனியில் பில் போடுகிறவள்.
ஆக நம் வீட்டில்
இரண்டு பேர் சம்பளமும் உறைந்த தண்ணீர்தான்.

தை மாதம் வந்த வீடியோவில்
நீலமாய் ஒரு மலை மிதந்து போனது.
அதன் விளிம்பில் பெங்குவின்கள்,
ரேஷன் கடை வரிசை, சண்டை மட்டும் இல்லை.
திமிங்கிலத்தின் வால் எழும்பி
அப்படியே நின்று, உள்ளே போனது.
சின்னவன் போனைக் கீழே வைக்கவில்லை.
அவங்க எடுத்தது என்று
தெருவுக்கே காட்டினேன்.

சித்திரையில் வந்தாய்.
தடைக்காலம்.
விசைப்படகுகள் கரையேறிப் பெயின்ட்டுக்குக் காத்திருந்தன.
கம்ப்ரசர் ஓய்ந்த கம்பெனியில்
காக்கா கத்துவது கேட்டது.
மூன்றாம் நாள் ராத்திரி, கரண்ட் போனபோது,
காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டே சொன்னாய்:
"அந்த வீடியோ நான் எடுத்ததில்ல."

சாப்பாட்டு அறை டிவியில் ஓடியதாம்.
உன் இடம் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே
ஜன்னல் இல்லாத சலவையறை.
நம்ம ஊர் அக்னி நட்சத்திரம் அங்கே வருஷம் முழுக்க.
நூற்றெண்பது பேரின் துண்டு, விரிப்பு,
பனியில் மண்டியிட்டவர்களின் கால்சட்டை.
"அதுல ஒண்ண மோந்து பாத்தேன் ஒருநாள்."
என்ன வாசம்?
"கருவாட்டுக் கொட்டகை."

சிரித்தோம். பிறகு நீ சிரிக்கவில்லை.
"சில ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம்
கரகரன்னு உரசிக்கிட்டுப் போகும்.
இரும்புல கைய வச்சுக்கிட்டு நிப்பேன்,
போறவரைக்கும்."

ஆனி பிறக்க நாலு நாள் இருக்கையில்
அமோனியா வாடை திரும்பியது.
மேட்டூர் இன்னும் திறக்கவில்லை,
திறந்தாலும் கடைமடைக்கு எப்போதோ.
கேன்களில் லாரித் தண்ணீர்.
முதல் பார் கவிழ்ந்து, சறுக்கி வந்தது,
நடுவில் வெள்ளையாய் ஒரு தண்டு ஓட.
நீ குனிந்து உள்ளங்கையை வைத்தாய்.
எடுக்கவில்லை.
பின்னால் கூடையோடு நின்ற நாகூர் இதயத்துல்லா பாய்,
"என்ன தம்பி,
ஐஸப் பாத்ததே இல்லையா?"

நீ இல்லை என்றாய்,
அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

மர அச்சில்போல ஐந்து விரலும் பதிந்து
தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.
நான் பில்லில்
ஐம்பது கிலோ என்றே எழுதினேன்.