விரல் நுனி அளவு

வூப்பர்டாலில் நவம்பர்.
ஆற்றுக்கு மேலே தொங்கியபடி போகிறது ரயில்.
ஜன்னலில் மூச்சால் வட்டம் போட்டு
அதற்குள் விரலால் கண் வைக்கிறாள் மிதுஷா.
சட்டைக்கை மேலேறுகிறது.
முழங்கை மடிப்பில்
வெங்காயச் சருகுக்கு அடியில் போல
ஓடும் சிவப்பு நூல்கள்.
எதிர் இருக்கைப் பெண்
பார்த்துவிட்டுப் பார்க்காதவளாகிறாள்.
கையை இழுத்து மூடினேன்.

முதன்முதல் பூசியபோது அது மருந்தில்லை,
மந்திரம்.
மூன்று கிழமை தூங்காத வீடு
ஒரு காலை எட்டு மணி வரை தூங்கியது.
ரத்தப் பொட்டுக் காய்ந்த தலையணை உறையைத்
துவைத்துப் போட்டுவிட்டு அழுதேன்,
சந்தோஷத்தில்.
ஏழு நாள், மெல்லிசாக, என்றது சீட்டு.
ஏழாம் நாள் நிறுத்தினேன்.
பத்தாம் நாள் சிவந்தது.

பிறகு டோர்ட்முண்டில் எங்கட ஆட்களின் கடை,
முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பின்னால்.
"அதே சாமான்தான் அக்கா,
இன்னும் கொஞ்சம் சக்தி."
எத்தனை கொஞ்சம் என்று கேட்கவில்லை.
டியூபை அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தேன்.

டாக்டர் பிரிங்மன் திட்டவில்லை.
பிள்ளையின் கையை வெளிச்சத்தில் பிடித்து
எத்தனை மாதம் என்றார்.
ஐந்து என்றேன்,
இரண்டை விழுங்கிவிட்டு.
ஒரு நாளைக்கு?
காலையில் ஒருக்கால்.
பக்கத்துக் கதிரையில் சுகிர்தன் செருமினான்.
"இரவிலும்.
வேலையால வந்து, இவை படுத்தாப்பிறகு."
அவனுடைய டியூப்
காருக்குள், பார்க்கிங் சீட்டுகளுக்கு அடியில்.

ஒரே பயத்தை
இரண்டு கடையில் வாங்கி
ஒருவருக்கொருவர் தெரியாமல்
ஒரே தோலில் தேய்த்திருக்கிறோம்.

டாக்டர் தன் சுட்டுவிரலை நீட்டி
நுனியிலிருந்து முதல் கோடு வரை காட்டினார்.
இவ்வளவு.
உங்கள் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு.
அதுவும் இதைவிட மெதுவான வேறொன்று,
நான் சொல்லும் நாட்களில் மட்டும்.
சட்டென்று விடக்கூடாது. படிப்படியாக.
இடையில் சிவக்கும்.
மருந்து எதிரியில்லை என்றும் சொன்னார்.
அதை மட்டும் நான் எழுதிக்கொள்ளவில்லை,
எழுதாமலே நினைவிருக்கிறது.

இரவு இரண்டு மணி.
"அம்மா, கடிக்குது."
இருட்டில் இரண்டு பேரும் எழும்பினோம்,
முதல் தடவையாக ஒன்றாய்.
அரிசி வாளிப் பக்கம் என் கால் திரும்பியது;
கார்ச் சாவியை அவன் கை தடவியது.
பிறகு அவன் லைட்டைப் போட்டான்.
நான் வெறும் வெள்ளைக் களிம்பின் மூடியைத் திருகினேன்.
மிதுஷா இரண்டு கையையும் நீட்டினாள்,
ஆளுக்கொன்றாக.