தொண்ணூற்றாறு குழிகள்

தத்துவம் தொண்ணூற்றாறு என்பார்கள்.
என் தட்டிலும் தொண்ணூற்றாறு குழிகள்,
ஒவ்வொன்றிலும் ஒரு மழைத்துளியைவிடக் கொஞ்சம் கூட
இளஞ்சிவப்புத் திரவம்.
அடியில், எலும்பாகப் போகிறவை
ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன.

பேராதனையில் மூன்றாம் நாள் மழை.
ஜன்னலுக்கு வெளியே ஹந்தானை இல்லை,
மூடுபனி கழற்றிக்கொண்டு போய்விட்டது.
இடது கணுக்காலில் ஆணி குளிர்கிறது.

ஆமாம், எனக்குள் இரும்பிருக்கிறது.
கினிகத்தேனை வளைவில் ஆட்டோ சரிந்த வருடம்
கண்டி ஆஸ்பத்திரியில் வைத்த ஒரு தகடு, ஆறு ஆணி.
எலும்பு பொருந்தியதும் கழற்றலாம் என்றார்கள்.
பொருந்திவிட்டது.
கழற்ற இன்னொரு முறை வெட்ட வேண்டும்,
இன்னொரு முறை லீவு,
பொகவந்தலாவையிலிருந்து அம்மாவுக்கு
இன்னொரு முறை பஸ்.
ஒன்பது வருடமாய்த் தள்ளிப்போடுகிறேன்.

இங்கே நான் செய்யப் பார்ப்பது
கழற்ற வேண்டாத ஆணி.
மரவள்ளி மாவைப் புளிக்கவைத்து
அந்தப் புளிப்பைக் கோத்துக் கோத்துச் சங்கிலியாக்கி
உருக்கி அச்சில் வார்த்தது.
எலும்பு எழுந்து நிற்கும்வரை தாங்கிவிட்டு
அது நீராயும் மூச்சாயும் போய்விட வேண்டும்.
கிழங்குதானே, கெடுதல் செய்யாது என்கிறார்கள்,
மரவள்ளி தின்ற அன்று
இஞ்சி தொடாதே என்று மிரட்டுகிற அதே வாயால்.

பஸ்மிலா வரிசை பிரித்தாள்.
மேல் வரிசைக்கு வெறும் ஊடகம்.
நடுவே எங்கள் வார்ப்பு ஊறிய நீர்.
கடைசி வரிசைக்குப் பீனோல்: அது சாக வேண்டும்.
அது சாகாவிட்டால்
மற்றவை உயிரோடிருப்பதற்குச் சாட்சியில்லை.
அந்த வரிசைக்கு ஊற்றும்போது மட்டும் அவள் உதடு அசையும்.
என்னவென்று நான் கேட்டதில்லை.

கலங்கள் யாருடையவை?
கடல் கடந்த ஏதோ ஊரில் ஒரு பையன்,
பதினான்கு வயது, எலும்பில் புற்று.
அவன் என்ன ஆனான் என்று பட்டியலில் இல்லை.
அவன் கலங்கள் பிரிந்து பிரிந்து
கலஹா வீதிக்கு வந்து
முப்பத்தேழு பாகை வெதுவெதுப்பில் இருக்கின்றன,
கரண்ட் போனதும் திலகசிரி
சாரத்தை மடித்துக்கட்டி ஜெனரேட்டருக்கு ஓடுவதால்.

எழுபத்திரண்டாம் மணி.
சாயம் விட்டு நாலு மணி நேரம் இருட்டில் வைத்தோம்.
உயிருள்ளது மஞ்சளை வாங்கிக் கத்தரிப்பூ நிறமாக்கும்,
செத்தது வாங்காது.
கருவி வாசித்தது: எழுபத்தொன்று.

எழுபதுக்குக் கீழே போனால்தான் நஞ்சு. விதி அப்படி.
"பாஸ்" என்றாள் பஸ்மிலா, கையுறையை உருவியபடி.

நூற்றில் இருபத்தொன்பதைக் காணோம்.
மண் சரிந்த மறுநாள்
பெயர் கூப்பிட்டுப் பார்க்கிறவர்களைப் போல
குழி குழியாய்த் திரும்பப் போனேன்.

சாயம் விடுமுன்பே அந்தக் குழிகளில்
சிவப்பு வெளுத்து மஞ்சளோடியிருந்தது.
காலையில் பார்த்தேன். குறிக்கவில்லை.
வார்ப்பு அவசரமாய்க் கரைந்து
புளிப்பைக் கொட்டியிருக்கிறது.
ஏற்றம் ஏறுகையில் தொடைச் சதையில் ஊறுகிற
அதே புளிப்புத்தான்.
நமக்கு அதைக் கழுவ இரத்தம் ஓடுகிறது,
குழிக்கு வாசலில்லை.
அப்படியென்றால் உடம்பு தாங்குமா?
தாங்கலாம்.
இந்த 'லாம்' என்பதை
ஒரு காலுக்குள் வைத்துத் தைக்க முடியாது.

குறிப்பேட்டில் எழுதினேன்:
எழுபத்தொன்று. புளிப்பு.
மெதுவாய்க் கரையும் வார்ப்பு வேண்டும்.
இதே வார்ப்பு, ஊடகம் மாற்றி மாற்றி, மறுபடி.

கம்பளைக்குக் கடைசி பஸ் ஏழு பத்துக்கு.
பஸ்மிலா கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
நான் நொண்டுவதைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லாமல்
புதுத் தட்டின் உறையைக் கிழித்தாள்.